சென்னை வரை ஓடினால் ஜெனீவா வரை ஓடுமா?

கிள்ளை போன்ற சிற்றூரிலிருந்து ஸ்பீட் டெஸ்ட் போட்டால் அது பெரும்பாலும் பக்கத்துப் பெருநகரத்து சர்வரோடுதான் பேசும். பாக்கெட் போய்வரச் சில மில்லிசெகண்ட் போதும். அந்த எண்ணை நம்பி, ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத் தரவை இறக்க இந்த லைன் போதுமென்று முடிவுகட்டக் கூடாது என்பதே நான் முதலில் வலியுறுத்துவது. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் செர்னின் சிஎம்எஸ் சோதனைக்கும், கொல்கத்தாவின் விஇசிசி ஆய்வு மையம் ஆலிஸ் சோதனைக்கும் இரண்டாம் அடுக்குக் கணினி மையங்களை நடத்துகின்றன. இவற்றுக்குப் போலக் கண்டம் தாண்டி வரும் தரவுக்கு, பக்கத்து சர்வரோடு சோதிக்கும்போது கண்ணுக்கே படாத கோளாறும் பெரும் முட்டுக்கட்டை. பத்தாயிரம் பாக்கெட்டில் ஒன்று தொலைகிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய ரக டிசிபி ஒரே இணைப்பில், 5 மில்லிசெகண்ட் தூரத்துக்கு 200 மெகாபிட்டுக்கு மேல் தரும். 150 மில்லிசெகண்டுக்கு 10 மெகாபிட்டைத் தொடுவதே கஷ்டம். ஒவ்வொரு இழப்புக்கும் அது வேகத்தைப் பாதியாக்கும். பிறகு ஒவ்வொரு போய்வரவுக்கும் ஒரு படிதான் ஏறும். 10 ஜிகாபிட் லைன் வாங்கினாலும் இந்தக் கணக்கு மாறாது.

பிபிஆர் போன்ற புதிய டிசிபி முறைகள் இழப்பைத் தாங்குமே, பல இணைப்புகளைச் சேர்த்து ஓட்டலாமே என்பார்கள். உண்மைதான், வேலை நடக்கும். ஆனால் இழப்பை உண்டாக்கும் அழுக்கடைந்த ஃபைபர் முனையும் பஃபர் போதாத ஸ்விட்சும் அப்படியேதான் இருக்கும். அவற்றைக் கண்டுபிடிக்கத் தொடர்ந்து அளக்க வேண்டும். அந்தச் சோதனையே லைனை அடைத்துவிடும் என்ற கவலைக்கும் பதில் உண்டு: இழப்பை அளக்கும் சிறு பாக்கெட்டுகள் நாள் முழுக்க ஓடினாலும் சுமை இல்லை, ஐபெர்ஃப்3 என்ற கருவி கொண்டு முழுவேகம் பார்ப்பதை நாளுக்குச் சிலமுறை, அரை நிமிடம் வைத்தால் போதும். பர்ஃப்சோனார் என்ற மென்பொருள் இரண்டையும் நேரம் குறித்துத் தானே செய்யும்.

பழுதைத் தேடும்போது பாதையைத் துண்டு துண்டாக அளக்கத் தோன்றும். அங்கேதான் ஏமாறுகிறோம். துண்டு சிறியதானால் தாமதமும் சிறிது, பழுது மறுபடி ஒளிந்துகொள்ளும். தூரத்து முனையை ஜெனீவாவிலேயே நிறுத்திவிட்டு, இந்தப் பக்கத்து முனையை மட்டும் மும்பை, சென்னை, வளாக வாசல், ஆய்வுக்கூடம் என்று நகர்த்துங்கள். எந்த இடத்தில் வேகம் சரிகிறதோ, அதற்கு முந்தைய இடத்துக்கும் அதற்கும் நடுவில் தேடலாம். போகும் வழியும் வரும் வழியும் வேறாக இருக்கலாம் என்பதால் இரு திசையும் அளக்க வேண்டும். முதலில் நினைவகத்திலிருந்து நினைவகத்துக்கு, பிறகே டிஸ்க்; இல்லாவிட்டால் மெதுவான டிஸ்க்கின் பழி நெட்வொர்க் மேல் விழும். டிசிபி பஃபரையும் பாருங்கள்: 150 மில்லிசெகண்டில் 10 ஜிகாபிட்டை நிரப்ப ஏறத்தாழ 190 மெகாபைட் வேண்டும், பல கணினிகளில் இயல்பாகச் சில மெகாபைட்தான் இருக்கும்.