மனக்காயம் ஆற மெதுவோட்டம்

விபத்து, வன்முறை, திடீர் இழப்பு என்று எதையாவது தாங்கி வந்தவர்களுக்கு நெடுந்தூர ஓட்டம் நல்ல துணை. ஆனால் வேகம் வேண்டாம். ஓடிக்கொண்டே முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் அதுதான் சரியான வேகம். முடியவில்லையா, உடனே நடைக்கு மாறுங்கள். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய அமெரிக்கர் ஜெஃப் காலோவே பிரபலமாக்கியதும் இப்படி ஓட்டமும் நடையும் கலந்த முறையைத்தான். முதலில் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று 20 நிமிடம். வாரத்தில் 3 நாள் போதும்.

இதை அவசியம் தெரிந்துகொள்ளுங்கள். ஓடினால் நெஞ்சு படபடக்கும், வியர்க்கும். பயத்தில் உறைந்த அன்றும் உடம்பு இப்படித்தானே இருந்தது? அதனால் சிலருக்குப் பழைய நினைவு சட்டென்று மேலெழும். அப்போது நின்றுவிடுங்கள். பாதம் தரையில் பதிவதைக் கவனியுங்கள். கண்ணில் படும் ஐந்து பொருள்களை வாய்விட்டுச் சொல்லுங்கள்: வேப்பமரம், பால் வண்டி, கோலம், எதுவானாலும் சரி. மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீட்டுங்கள். படபடப்பு அடங்கியதும் நடந்தே வீடு திரும்பலாம். அன்றைய பயிற்சி வீணில்லை. இதயம் வேகமாகத் துடித்தாலும் ஆபத்தில்லை என்று உடம்பு மெல்ல மெல்லப் பழகிக்கொள்ளும்.

வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள பாதையாகப் பாருங்கள். நெஞ்சு வலி, தலைசுற்றல் இருந்தால் முதலில் மருத்துவர்.

கெட்ட கனவும் தூக்கமின்மையும் ஒரு மாதம் தாண்டியும் விடவில்லை என்றால் ஓட்டம் மட்டும் போதாது. மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம்.