மலைக்காற்றுக்கு எந்த ஜன்னல்?

கேள்வி: லயத்தை விட்டு 7 பேர்ச்சஸ் காணியில் 550 சதுர அடி வீடு கட்டுகிறோம். அலுமினியத்தில் பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் ஜன்னல்தான் அழகு என்கிறார் மேசன் பாஸ். போடலாமா?
– வாசகி, அப்புத்தளை

பதில்: அழகைவிடக் காற்றைப் பாருங்கள். உங்கள் ஊர் மலை விளிம்பில் இருக்கிறது. ஜூன் முதல் தென்மேற்குக் காற்று அடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகீழ் மழை வரும். தள்ளும் ஜன்னல் பெரும்பாலும் பாதிதான் திறக்கும். அதன் கீழ்த் தடத்தில் மழைநீர் தேங்கி உள்ளே கசியும். கண்ணாடிப் பட்டிகளை அடுக்கிய லூவர், கொழும்புப் புழுக்கத்துக்கு ஏற்றது. பிள்ளைகள் படுக்கும் அறையில் வேண்டாம், மூடினாலும் குளிர் நுழையும்.

படுக்கையறைக்கும் முன்னறைக்கும் கீல் வைத்த மரக் கதவு ஜன்னலே என் தேர்வு. முழுதாகத் திறக்கும், இறுக மூடும். கொக்கி கட்டாயம் போடுங்கள், இல்லாவிட்டால் காற்று கதவை அடித்துக் கண்ணாடியை உடைத்துவிடும். மழை அடிக்கும் பக்கத்தில் கீலை மேலே வைத்து வெளியே தள்ளித் திறக்கச் செய்தால், தூறலிலும் கொஞ்சம் திறந்து வைக்கலாம்.

குசினியில்தான் கஞ்சத்தனம் கூடாது. முதுகோடு முதுகு ஒட்டிய பழைய இரட்டை லயங்களில் பின்சுவரில் ஜன்னலே வைக்க முடியாது; விறகுப் புகையை நம் பெண்கள் தலைமுறைகளாக மூச்சில் இழுத்தார்கள். புது வீட்டிலும் அது தொடரக் கூடாது. அடுப்புக்கு மேலே, கூரையை ஒட்டி மூடாத திறப்பு ஒன்று. எதிர்ச்சுவரில் ஒரு ஜன்னல். லூவர் போடுவதானால் இங்கே போடுங்கள். காசு குறைந்தால் முன்னறை ஜன்னலைச் சிறிதாக்குங்கள், இதைக் குறைக்காதீர்கள்.