வார்டில் சைகை மொழி: எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது

கேள்வி: தாலுகா அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். காது கேளாத நோயாளிகள் அவ்வப்போது வருகிறார்கள். கூட வந்தவர் டீ குடிக்கப் போய்விட்டால் எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. யூடியூப் பார்த்து ஏ, பி, சி, டி சைகை கற்றுக்கொண்டேன். ஒரு நோயாளியிடம் செய்து காட்டினால் சிரித்துவிட்டார். டூட்டிக்கு நடுவே இதைக் கற்க முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: முடியும் சிஸ்டர். அவர் சிரித்ததற்காகச் சோர்ந்துவிடாதீர்கள். நீங்கள் பார்த்தது அமெரிக்க சைகை மொழியின் எழுத்துகளாக இருக்கலாம். அதில் எழுத்தை ஒரே கையால் காட்டுவார்கள். இந்திய சைகை மொழியில் பெரும்பாலான எழுத்துகளுக்கு இரண்டு கைகளும் வேண்டும். இணையத்தில் கொட்டிக் கிடப்பவை அமெரிக்க வீடியோக்கள்தான். டெல்லியில் உள்ள இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 2021இல் வெளியிட்ட அகராதியில் 10,000 சொற்கள் வீடியோவாக இருக்கின்றன. மருத்துவச் சொற்களுக்குத் தனிப் பிரிவே உண்டு. காசு எதுவும் கட்ட வேண்டாம்.

ஆனால் ஏ, பி, சி, டியை இப்போதைக்கு மூட்டை கட்டி வையுங்கள். வார்டில் அதற்கு வேலை குறைவு. முதலில் கேள்வி கேட்கப் பழகுங்கள். இந்திய சைகை மொழியில் கேள்விச் சொல் கடைசியில் வரும்: ‘வலி எங்கே’, ‘காய்ச்சல் எப்போது’. ஆமா, இல்லையா என்று கேட்பதானால் புருவம் உயர வேண்டும், தலை சற்று முன்னால் வர வேண்டும். புருவம் அசையாவிட்டால் ‘காய்ச்சல் இருக்கிறதா’ என்பது ‘காய்ச்சல் இருக்கிறது’ என்று ஆகிவிடும். மறுப்பும் கடைசியில்தான், தமிழில் ‘காய்ச்சல் இல்லை’ என்கிற அதே வரிசை. இந்த விஷயத்தில் இங்கிலீஷ்காரர்களைவிட நமக்குச் சிரமம் குறைவு.

முகமும் இலக்கணம் என்பதால் முகக்கவசம் பெரிய தடை. தொற்று அபாயம் இல்லாத இடத்தில் இரண்டடி தள்ளி நின்று அதை இறக்கிவிட்டுப் பேசுங்கள். ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்காதீர்கள்; வெளிச்சம் உங்கள் முகத்தில் விழ வேண்டும்.

‘மெதுவாகப் பேசினால் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வார்கள்’ என்று மூத்த சிஸ்டர்கள் யாராவது சொல்வார்கள். நம்பாதீர்கள். ‘முட்டி’, ‘புட்டி’ இரண்டையும் கண்ணாடி முன் நின்று சத்தமில்லாமல் சொல்லிப் பாருங்கள். உதடு ஒரே மாதிரிதான் அசையும். கத்தினால் உதடு கோணி இன்னும் மோசமாகும். எழுதிக் காட்டுவதும் எல்லோருக்கும் உதவாது. பிறவியிலேயே காது கேளாத பலருக்குத் தமிழ் இரண்டாவது மொழி. ‘சாப்பாட்டுக்கு முன்’, ‘சாப்பிட்ட பின்’ என்பதில் வேற்றுமை உருபும் எச்சமும் குழப்பிவிடும்.

மாத்திரை கொடுப்பதையே எடுத்துக்கொள்வோம். சைகையில் காலம் முதலில் வரும். ‘காலை’ என்று காட்டுங்கள், பிறகு ‘சாப்பாடு’, ‘முடிந்தது’. அதற்குப் பிறகுதான் மாத்திரை அட்டையைத் தூக்கி ஒன்றைத் தொட்டுக் காட்ட வேண்டும். இரவுக்கும் அப்படியே. பேசிக்கொண்டே அட்டையைக் காட்டும் பழக்கத்தை விடுங்கள். அவரால் ஒரே நேரத்தில் அட்டையையும் உங்கள் கையையும் பார்க்க முடியாது. எல்லாம் முடிந்ததும் அட்டையை அவர் கையில் கொடுத்து, ‘இனி நீங்கள் சொல்லுங்கள்’ என்று திருப்பிக் கேளுங்கள். இதை மட்டும் விடவே கூடாது. தலையாட்டினால் புரிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. டாக்டரும் நர்ஸும் அவசரத்தில் நிற்பதைப் பார்த்து, தொந்தரவு செய்ய வேண்டாமே என்று தலையாட்டிப் பழகியவர்கள் அவர்கள்.

வலியைக் கேட்பது நீங்கள் நினைப்பதைவிட எளிது. வலிக்கிற இடத்திலேயே சைகை செய்வார்கள். குத்துகிறதா, முறுக்குகிறதா, விட்டுவிட்டு வருகிறதா என்பதைக் கையின் அசைவும் முகமும் சேர்ந்து சொல்லிவிடும். வாய்பேசும் நோயாளி ‘என்னமோ பண்ணுது சிஸ்டர்’ என்பதைவிட இது எவ்வளவோ தெளிவு.

அடுத்து வருவது எந்த வகுப்பிலும் கேட்காத பாடம்: அவருக்குக் கைதான் வாய். அவர் எந்தக் கையால் அதிகம் சைகை செய்கிறார் என்று பார்த்து, மற்ற கையில் டிரிப்ஸுக்கான வென்ஃப்ளான் போடுங்கள். அவசியமில்லாமல் இரண்டு கையையும் கட்டிவைத்தால் வாயைப் பொத்தியதாகத்தான் ஆகும். எக்ஸ்ரே அறையில் மூச்சை எப்போது பிடிக்க வேண்டும், எப்போது விட வேண்டும் என்பதற்கான அடையாளத்தை உள்ளே போகும் முன்பே பேசி வைத்துவிடுங்கள். கண் பரிசோதனையா? விளக்கை அணைக்கும் முன் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிடுங்கள். ஓ.பி.யில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவர் எப்படி வருவார்? போய்த் தோளைத் தொடுங்கள். கேஸ் ஷீட்டின் மேலேயே ‘காது கேளாதவர், சைகை மொழி’ என்று எழுதி வைத்தால், டூட்டி மாறி வருகிற சிஸ்டர் பின்னால் நின்று கத்திக்கொண்டிருக்க மாட்டார்.

இனி, நிறுத்த வேண்டிய இடம். கொஞ்சம் சைகை வந்ததும் எல்லாவற்றையும் நாமே சமாளிக்கலாம் என்று தோன்றும். தண்ணீர் வேண்டுமா, வலிக்கிறதா, ஊசி போடப் போகிறேன் என்கிற வரைக்கும் உங்கள் சைகை போதும். அறுவை சிகிச்சைக்குச் சம்மதம் வாங்குவது, புற்றுநோய் போன்ற செய்தியைச் சொல்வது, கருத்தடை பற்றிப் பேசுவது, இதற்கெல்லாம் பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் வேண்டும். நேரில் வர முடியாவிட்டால் வீடியோ அழைப்பில் இருந்தாலும் போதும். எட்டாவது படிக்கிற மகளை நடுவில் நிறுத்தி அம்மாவின் கர்ப்பப்பைப் பிரச்சினையை விளக்கச் சொல்வது மகா தவறு. கூட வந்த கணவரும் மாமியாரும் எதை விழுங்கிவிட்டு எதைச் சொல்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியவே தெரியாது.

மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கண்காணிப்பாளரிடம் கேட்கத் தயங்காதீர்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, அரசு, தனியார் இரண்டு வகை மருத்துவமனைகளுக்கும் தடையற்ற அணுகலை வலியுறுத்துகிறது. தொடர்பாடல் என்பதில் சைகை மொழியையும் சேர்த்தே சொல்கிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரித்து, தொடர்பு எண்களை முன்கூட்டியே வாங்கி நர்ஸ் டியூட்டி அறையில் ஒட்டிவையுங்கள்.

கற்பதற்கு வீடியோ மட்டும் போதாது. ஊருக்கு ஊர் சில சைகைகள் மாறும். உங்கள் பக்கத்தில் இருக்கும் காது கேளாதோர் பள்ளியிலோ சங்கத்திலோ ஒருவரைப் பிடித்து வாரம் ஒருமுறை உட்காருங்கள். காது கேளாதவரே ஆசிரியராக இருப்பது நல்லது. பாளையங்கோட்டையில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஃபிளாரன்ஸ் ஸ்வெய்ன்சன் காது கேளாதோருக்குப் பள்ளி தொடங்கியிருக்கிறார். தென் மாவட்டங்களில் ஆசிரியர் கிடைப்பது அவ்வளவு அரிதில்லை. ஆனால் பள்ளிக்கே போகாத கிராமத்துப் பெரியவர் வந்தால் நீங்கள் கற்றது எதுவும் செல்லாது. அவர் வீட்டுக்குள் மட்டும் புழங்கும் சைகை தெரிந்த குடும்பத்தாரை அங்கே விலக்க முடியாது. சைகை மொழி தெரிந்தவர் ஒருவரையும் சேர்த்துக்கொண்டு, படம் வரைந்து, பொருளைக் காட்டித்தான் பேச வேண்டும்.

டிஸ்சார்ஜ் சீட்டில் ‘ஏதாவது என்றால் போன் செய்யவும்’ என்று எழுதிக் கொடுக்கிறோம். அவர் எப்படி போன் செய்வார்? வார்டுக்கென்று ஒரு வாட்ஸ்அப் எண் ஏற்பாடு செய்து, அதை அவர் போனிலேயே பதிந்து, அவர் கிளம்பும் முன் ஒரு வீடியோ செய்தி அனுப்பிக் காட்டச் சொல்லுங்கள்.