காற்புள்ளிக்குப் பின்னால் நாற்பது

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ப்ளஸ் டூ மதிப்பெண் வந்துவிட்டது, விண்ணப்பம் போட இன்னும் பத்து நாள்தான். பி.காம். அக்கவுண்டிங் அண்ட் ஃபைனான்ஸா, பி.ஏ. பிரெஞ்சா, சர்வதேச உறவுகளா என்று தவிக்கிறாய். அப்பா முதலாவதைச் சொல்கிறார். கணக்குப் பிடிக்கும் என்றாலும் உன் ஆசை இரண்டாவதில். மூன்றாவது என்ன படிப்பு என்றே வீட்டில் யாருக்கும் புரியவில்லை. எதில் வேலை கிடைக்கும் என்று கேட்டிருக்கிறாய். அதற்கு முன்னால் 2003-ல் புதுச்சேரியில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

அப்போது ஒரு வங்கிக் கிளையில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். பி.காம். முடித்தவன். கல்லூரியில் பகுதி 1 மொழியாகப் பிரெஞ்சு எடுத்திருந்தேன். தமிழைவிட அதில் மார்க் அள்ளலாம் என்று சீனியர்கள் சொன்னதுதான் காரணம். சில பத்திகளை மனப்பாடம் செய்தேன், தொண்ணூறுக்கு மேல் வாங்கினேன்.

ஒரு நாள் காலை, எழுபது வயதைத் தாண்டிய அம்மா ஒருவர் கவுண்டருக்கு வந்தார். சொல்தா வீட்டு அம்மா. பிரெஞ்சுப் படையில் சிப்பாயாக இருந்தவர்களைப் புதுச்சேரியில் சொல்தா என்றுதான் சொல்வார்கள். கணவர் இந்தோசீனாவுக்கெல்லாம் போய் வந்தவர். அவர் காலமான பிறகு குடும்ப பென்ஷன் இந்த அம்மாவுக்கு வந்துகொண்டிருந்தது. மஞ்சப் பையிலிருந்து ஒரு நீள உறையை எடுத்து நீட்டினார். “பிரெஞ்சு படிச்ச புள்ளன்னு சொன்னாங்க. இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லுப்பா.”

எழுத்துகளை உச்சரிக்க முடிந்தது, பொருள் பிடிபடவில்லை. பாதியில் ‘812,40’ என்று ஒரு தொகை. அதையாவது சொல்லலாமே என்று “எண்பத்தோராயிரத்துச் சொச்சம் போட்டிருக்கும்மா” என்றேன். “அவ்வளவு ஏதுப்பா எனக்கு?” என்று அவர் பயந்துபோனார். நாம் ஆயிரத்துக்குக் காற்புள்ளி போடுகிறோம். பிரெஞ்சில் தசமத்துக்கே காற்புள்ளிதான். அது எண்ணூற்றுப் பன்னிரண்டு யூரோ, நாற்பது சென்ட். மூன்று வருடம் லெட்ஜரும் பேலன்ஸ் ஷீட்டும் படித்தவனுக்கு ஒரு காற்புள்ளியைப் படிக்கத் தெரியவில்லை.

வரிசையில் பின்னால் நின்ற பெரியவர் ஒருவர், அவரும் பழைய சொல்தா, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு காகிதத்தை வாங்கினார். ஒரே மூச்சில் படித்துவிட்டு அந்த அம்மாவின் பேச்சிலேயே சொன்னார்: “நீ உசுரோட இருக்கேன்னு எழுதி அனுப்பணும் தாயி. போன தடவ அனுப்பல போலிருக்கு. இந்தத் தேதிக்குள்ள போகலன்னா பென்ஷன நிறுத்திடுவாங்க.” அந்த அம்மா தன்னையே ஒரு முறை குனிந்து பார்த்துக்கொண்டார். “இதோ நிக்கிறேனே” என்றார்.

உயிர்ச் சான்று கேட்டு வந்த கடிதம் அது. கெடு தவறியிருந்தால் அடுத்த மாதம் அந்த வீட்டில் அடுப்பு எரிவதே சந்தேகம்.

அந்த ஒற்றைத் தாளைப் பிறகு பல வருடம் மனதுக்குள் புரட்டிக்கொண்டிருந்தேன். புதுச்சேரியில் இருக்கும் ஒரு தமிழ்ப் பெண்ணுக்குப் பிரான்ஸ் ஏன் பென்ஷன் தருகிறது? பிரெஞ்சுக் காலனியாக இருந்த புதுச்சேரியின் நிர்வாகம் 1954 நவம்பர் 1-ல் இந்தியாவின் கைக்கு வந்தது. ஊரை ஒப்படைக்கும் ஒப்பந்தம் 1956-ல் கையெழுத்தாகி, 1962 ஆகஸ்ட் 16-ல்தான் சட்டப்படி நடப்புக்கு வந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று அதில் ஒரு பிரிவு உண்டு. எழுதிக் கொடுத்தவர்களின் பிள்ளைகளிலும் பேரன்களிலும் பலர் இன்றும் பிரெஞ்சுக் குடிமக்கள். நீ சர்வதேச உறவுகள் என்று சொல்கிறாயே, அது ஐ.நா. மன்றத்தில் மட்டும் இல்லை. அந்த மஞ்சப் பைக்குள்ளும் இருந்தது.

பிரெஞ்சு படித்தால் பிரான்ஸுக்குத்தானே போக வேண்டும் என்றும் கேட்டிருக்கிறாய். இன்று பிரெஞ்சை அன்றாடம் புழங்குகிறவர்களில் பெரும்பகுதியினர் ஆப்பிரிக்காவில் இருக்கிறார்கள். அங்கே பதினான்கு நாடுகளில் சி.எஃப்.ஏ. ஃபிராங்க் என்ற பணம் ஓடுகிறது. மேற்கில் எட்டு, மத்தியில் ஆறு. 1945 டிசம்பரில் பிரான்ஸ் தன் காலனிகளுக்காக உண்டாக்கியது. நாடுகள் விடுதலை பெற்றன, பணம் அப்படியே நின்றது. நாணய மதிப்புக்குப் பிரான்ஸ் உத்தரவாதம். அதற்கு ஈடாக, அந்த நாடுகள் தங்கள் அந்நியச் செலாவணி இருப்பில் பெரும்பகுதியைப் பிரெஞ்சுக் கருவூலத்தில் போட்டுவைக்க வேண்டியிருந்தது. பிந்தைய காலத்தில் அது பாதியாக இருந்தது.

1994 ஜனவரியில் அந்த நாடுகளின் தலைவர்கள் செனகலின் டாக்கர் நகரில் கூடி அதன் மதிப்பைச் சரிபாதியாக வெட்டினார்கள். அதுவரை ஒரு பிரெஞ்சு ஃபிராங்குக்கு 50, மறுநாள் 100. செனகலில் சோற்றுக்கு நொய்தான் விருப்பம், அதில் பெரும்பகுதி ஆசியாவிலிருந்து கப்பலில் போவது. இறக்குமதிச் சரக்கின் அடக்கவிலை ஒரே இரவில் இரட்டிப்பானால் அந்தச் சமையலறையில் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பார். பருத்தியும் கோகோவும் ஏற்றுமதி செய்கிறவர்களுக்கு அதே இரவு லாபம். 2019 டிசம்பரில் ஐவரி கோஸ்ட்டின் அபிஜானில் மேற்குப் பகுதிக்கு மட்டும் சீர்திருத்தம் அறிவித்தார்கள்: இருப்பைப் பிரான்ஸில் போடத் தேவையில்லை, பெயரும் ‘ஈகோ’ என்று மாறும் என்றார்கள். யூரோவுடன் போட்ட முடிச்சு மட்டும் அவிழவில்லை. ஒரு யூரோவுக்கு 655.957, அதே கணக்கு. பி.காம். மாணவி இதைச் செலாவணி விகிதம் என்று படிப்பாள், அரசியல் மாணவி காலனியத்தின் மிச்சம் என்று படிப்பாள். பிரெஞ்சு தெரிந்தவள் அபிஜானிலும் டாக்கரிலும் அங்குள்ள பத்திரிகைகள் இதைப் பற்றி என்ன சண்டை போடுகின்றன என்று நேரடியாகப் படிப்பாள். மூன்று பேரும் ஒரே ஆளாக இருக்க முடியும் என்பதுதான் நான் உனக்குச் சொல்ல வந்தது.

இனி உன் கேள்வி. பி.காம். ஏ அண்ட் எஃப் எடு. வேலைக்காகச் சொல்லவில்லை. கணக்கியல் படிக்க, பக்கத்தில் உட்கார்ந்து தப்பைக் காட்டித் திருத்துகிற ஆசிரியர் வேண்டும், தனியாகப் படிப்பது கடினம். உலக விவகாரம் தினமும் செய்தித்தாள் படித்து, பழைய ஒப்பந்தங்களைத் தேடிப் பார்த்து, வருடக்கணக்கில் சேர்வது. அதைப் பட்டத்துக்குப் பிறகும் படிக்கலாம்.

பிரெஞ்சை மட்டும் நான் படித்த மாதிரி படிக்காதே. பல கல்லூரிகளில் பகுதி 1-ல் அதை எடுத்தால் தமிழ்ப் பாடம் போய்விடும். அது எனக்குச் சம்மதமில்லை. அன்று அந்தப் பெரியவர் பிரெஞ்சைப் படித்ததோடு நிற்கவில்லை, தாயி என்று கூப்பிட்டு அந்த அம்மாவுக்குப் புரிகிற தமிழில் சொன்னார். உனக்கு இரண்டும் வேண்டும். கல்லூரியில் தமிழை வைத்துக்கொள். மாலையில் அலியான்ஸ் பிரான்சேஸ் வகுப்பில் சேர். ஏ1-லிருந்து படிப்படியாக ஏறி டெல்ஃப் என்ற பிரெஞ்சு மொழித் தேர்வில் பி2 வரை போய்விட வேண்டும். பிரான்ஸில் பிரெஞ்சு வழியில் பட்டம் படிக்கப் பொதுவாகக் கேட்பது அந்த நிலையைத்தான், வாங்கிய சான்றிதழும் காலாவதி ஆகாது. முதலில் எண்கள் உன்னைப் பாடாய்ப் படுத்தும். எழுபதை அறுபது-பத்து என்பார்கள், எண்பதை நாலு இருபது என்பார்கள். பயப்படாதே, ஒன்பது பத்தைத் தொண்ணூறு என்று சொல்கிற மொழியிலிருந்துதான் நீ போகிறாய்.

இலக்கியம்தான் உன் உயிர், மொழிபெயர்ப்போ ஆசிரியப் பணியோதான் செய்யப்போகிறாய் என்றால் பேச்சு வேறு. அப்போது தயங்காமல் பி.ஏ. பிரெஞ்சில் சேர். உன் கடிதத்தில் அந்த உறுதி எனக்குத் தெரியவில்லை, அதனால் சொல்கிறேன்.

விண்ணப்பம் போட்டுவிட்டு ஒரு படம் பார். செனகலின் உஸ்மான் செம்பேன் பிரெஞ்சில் ஒரு குறுநாவல் எழுதி, 1968-ல் அதையே வொலோஃப் மொழியில் ‘மந்தாபி’ என்று படமாக எடுத்தார். பாரிஸில் தெரு கூட்டும் மருமகன் டாக்கரிலுள்ள மாமாவுக்கு மணியார்டர் அனுப்புகிறான். அதைக் காசாக்க அடையாள அட்டை வேண்டும், அட்டைக்குப் பிறப்புச் சான்று வேண்டும், அவருக்கோ பிறந்த தேதியே தெரியாது. அந்த அஞ்சலகக் கவுண்டர் காட்சி வரும்போதெல்லாம் நான் நிறுத்திவிட்டுத்தான் திரும்பப் பார்ப்பேன். கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்திருந்தவன் நான்.

இந்தக் கடிதத்தை அப்பாவுக்கும் படித்துக் காட்டு. மாலை வகுப்புக் கட்டணத்துக்கு அவர் தயங்கினால் எழுது, நானே அவரிடம் பேசுகிறேன்.

அன்புடன்,
அண்ணன்