நம்ம ஊர் மலை நெருப்பு கக்குமா?



போன மாதம் புள்ளலூர் குழுக் கூட்டத்தில் சேமிப்புப் பணம் எண்ணி முடித்ததும் ஒரு அக்கா கேட்டார்: "மேடம், குவாரியில வெடி போட்டா வீடே அதிருது. இப்படியே தோண்டிக்கிட்டுப் போனா உள்ள இருக்கற நெருப்பு வெளிய வந்துடாதா? டிவியில எரிமலை காட்டுறாங்களே!" சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, நல்ல கேள்வி.

நாம் நிற்கும் பூமியின் மேல் ஓடு ஒரே துண்டு இல்லை. பல பெரிய தட்டுகளாக, வருடத்துக்குச் சில சென்டிமீட்டர் நகர்கிறது. நகம் வளரும் வேகம்தான். ஒரு பாயின் முனையைச் சுவரில் முட்ட வைத்து மறுமுனையைத் தள்ளுங்கள், நடுவில் மடிந்து எழும்பும். நம் இந்தியத் தட்டு வடக்கே ஆசியாவின் மேல் முட்டியதில்தான், சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, இமயமலை எழுந்தது. இன்னும் முட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

அந்தமான் பக்கம் கதை வேறு. அங்கே கடலுக்கடியில் ஒரு தட்டு இன்னொன்றின் கீழே செருகுகிறது. கூடவே நீரும் உள்ளே போகிறது. நீர் சேர்ந்தால் கொதிக்கும் பாறை சீக்கிரம் உருகிவிடும். உருகிய குழம்பு மேலே ஏறும். அதில் அடைபட்ட ஆவி, குலுக்கிய சோடா பாட்டிலைத் திறந்தது போலச் சீறும். அதுதான் எரிமலை. போர்ட் பிளேரிலிருந்து (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) சுமார் 140 கி.மீ. தூரத்தில் ஆளில்லாத பாரன் தீவில் அப்படி ஒன்று இருக்கிறது. நூறு வருடத்துக்கு மேல் தூங்கிவிட்டு 1991-ல் வெடித்தது. 2004 சுனாமியைக் கிளப்பிய பூகம்பமும் இந்தச் செருகலால் வந்ததுதான்.

நம் மாவட்டக் குன்றுகள் பலவும் பல்லாவரம், பரங்கிமலையில் உள்ள கருங்கல் வகை. பெயர் சார்னோகைட். கொல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற வெள்ளைக்காரரின் கல்லறையில் இந்தக் கல் இருந்ததால் 1893-ல் வந்த பெயர். நம்ம ஊர் கல்லுக்கு அவர் பெயர்! 200 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் பல கி.மீ. ஆழத்தில் வெந்து இறுகிய பாறை இது. மேலே இருந்ததெல்லாம் மழையிலும் காற்றிலும் கரைந்துபோக, அடிப்பாறை வெளியே தெரிகிறது.

குவாரிப் பள்ளம் சில நூறு அடி போனாலும், பாறை உருகும் சூடு பல கி.மீ. கீழே. வெடியால் எரிமலை வராது. ஆனால் வீடு அதிர்வது நிஜம். வெடித்த தேதி, நேரம் குறித்து வையுங்கள். விரிசலைப் போட்டோ எடுத்து, குழுவாகக் கையெழுத்திட்டு, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கலாம். அந்த அக்கா வீட்டுச் சுவரில் விரிசல் முடியும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதியிருக்கிறோம். அடுத்த கூட்டத்தில் அது கோட்டைத் தாண்டியதா என்று பார்ப்போம்.