வகுப்பறையில் ஒரு செடி

தேக்கா முதல் தெம்பனிஸ் வரை, பல வீட்டு வாசல்களில் துளசியையும் மணி பிளான்டையும் காணலாம். மணி பிளான்ட் செல்வம் சேர்க்கும் என்பது ஃபெங் சுயி நம்பிக்கை. ‘ஃபெங்’ என்றால் காற்று; ‘சுயி’ என்றால் நீர். வகுப்பறையில் செடி வைக்க விரும்புவோர் கவனிக்க வேண்டியவையும் இவ்விரண்டே.

முதலாவது காற்று. 1989இல் நாசா வெளியிட்ட ஆய்வில், மூடிய பெட்டிக்குள் இருந்த செடிகள் சில நச்சு வாயுக்களைக் குறைத்தன. ஆனால், பெரிய வகுப்பறையின் காற்றைச் சில செடிகளால் தூய்மைப்படுத்த இயலாது. அதற்குச் சன்னலைத் திறப்பதே சிறந்த வழி.

இரண்டாவது நீர். தொட்டியின் அடித்தட்டில் நீர் தேங்கினால், டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு அதில் முட்டையிடும். முட்டை ஏறத்தாழ ஒரு வாரத்தில் கொசுவாகிவிடும். ஆகவே, தட்டிலுள்ள நீரை அடிக்கடி கொட்டிவிட வேண்டும். பள்ளி விடுமுறையில் இதை மறந்துவிடக்கூடாது.

அப்படியானால், செடியால் என்ன பயன்? பசுமை கண்ணுக்கு இதமளிக்கும். அதைவிட முக்கியமாக, முறைவைத்து நீர் ஊற்றும் மாணவர்களிடம் பொறுப்புணர்வு வளரும். 1967இல் திரு லீ குவான் இயூ அறிவித்த ‘பூந்தோட்ட நகரம்’ திட்டமும் மரம் நடுவதோடு நின்றுவிடவில்லை; நட்டவற்றைப் பராமரித்ததால்தான் இந்நகரம் பசுமையானது.