பிரயாணியின் பையில் எந்தக் கிதாபு?

விடுமுறை நாட்களில் நம் வாலிபர்கள் சிலர் கூட்டாகச் சேர்ந்து, முதுகில் பையை மாட்டிக்கொண்டு மலைப் பக்கம் நடைப் பிரயாணம் போகிறார்கள். கொடைக்கானலுக்கு மேலேயும் மூணாறைச் சுற்றியும் இப்படி மூன்று நாள், நான்கு நாள் நடந்துவிட்டு வருகிறார்கள். பூமியில் சுற்றிப் பார்த்துப் படிப்பினை பெறும்படி குர்ஆன் ஷரீபே பல இடங்களில் தூண்டுகிறது. ஆகவே இதை நாம் குறை சொல்ல வரவில்லை. ஆனால் புறப்படுவதற்கு முந்திய இரவில் ஒரு கேள்வி எழுகிறது. போர்வை, அரிசி, டார்ச் விளக்கு, மாற்றுத் துணி எல்லாம் வைத்த பிறகு பையில் ஒரு சாண் இடம்தான் மிச்சம். படிக்க அதில் எதை வைப்பது? அந்த ஒரு சாண் இடத்தைப் பற்றியதே இம்மாதப் பாடம்.

ஹிஜ்ரி 385-ல் மறைந்த ஸாஹிப் இப்னு அப்பாத் என்ற மந்திரியை வேறொரு மன்னர் தம் நாட்டுக்கு அழைத்தபோது, தம் கிதாபுகளைச் சுமக்க மட்டுமே நானூறு ஒட்டகங்கள் வேண்டும் என்று சொல்லி அவர் வர மறுத்தார் என வரலாற்றில் எழுதியிருக்கிறார்கள். ஒட்டகமில்லாத நாம் என்ன செய்வது? அதற்கு இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் வாலிப காலத்துச் சம்பவம் ஒன்று பதில் சொல்கிறது. அவர்கள் ஜுர்ஜானில் ஓதி முடித்துத் தங்கள் ஊரான தூஸுக்குத் திரும்புகையில், வழிப்பறிக்காரர்கள் எல்லாவற்றையும் பறித்துக்கொண்டார்கள். பாடக் குறிப்புகள் இருந்த மூட்டையையாவது திருப்பித் தரும்படி இமாமவர்கள் கேட்டுப் பின்னாலேயே போனார்கள். கொள்ளையர் தலைவன் சிரித்துவிட்டான். மூட்டை போனதும் கையை விட்டுப் போகிற கல்வியைக் கற்றேன் என்று எப்படிச் சொல்லிக்கொள்கிறீர் என்று கேட்டு, அதைத் திருப்பிக் கொடுத்தான். ஊர் வந்த இமாமவர்கள் மூன்று வருடம் உட்கார்ந்து அக்குறிப்புகள் முழுவதையும் மனனம் செய்தார்கள்.

எனவே பையை நிரப்புவதற்கு முன் நெஞ்சில் எதை ஏற்றிக்கொள்ளலாம் என்று பார்க்க வேண்டும். வாகனத்தில் ஏறும்போது ஓதும் துஆ, ஓரிடத்தில் இறங்கித் தங்கும்போது ஓதுவது, காலை மாலை அவ்ராதுகள் ஆகியவற்றுக்குப் புத்தகம் சுமப்பது வீண் பாரம். முப்பது வசனங்கள் உள்ள முல்க் சூராவைப் பிரயாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போதே தொடங்கினால், தினம் ஒரு வசனம் வீதம் பாடமாகிவிடும். மலைக் குளிரில் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்த பிறகும் ஓதலாமே!

"எல்லாம் கைப்பேசியில் இருக்கிறதே, ஹஜ்ரத்!" என்று ஒரு வாலிபர் நம்மிடம் சொன்னார். இருக்கட்டும். இரண்டாம் நாள் இரவில் அதன் மின்சாரம் தீர்ந்துவிட்டால் அதுவும் கொள்ளை போன மூட்டைதான்.

அடுத்தது முஸ்ஹபு. இதைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும். எதிரிகளின் நாட்டுக்குக் குர்ஆனை எடுத்துச் செல்வதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்ததாக இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீது புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. அது அவர்கள் கையில் சிக்கி அவமதிக்கப்படுமோ என்ற அச்சமே காரணம். அந்த அச்சம் இல்லாத இடத்தில் தடையில்லை என்று இமாம் நவவீ (ரஹ்) போன்றோர் விளக்கியிருக்கிறார்கள். நம் மலைப் பிரயாணத்தில் எதிரி எவருமில்லை. ஆனால் அவமதிப்பு நம் கையாலேயே நேர்ந்துவிடக் கூடும். களைத்து வந்தவர் பையைக் கீழே போட்டு அதன் மேல் உட்காருகிறார். இரவில் அதையே தலையணையாக்கிப் படுக்கிறார். அவசரத்துக்குப் போகும்போது தோளிலிருந்து இறக்காமல் அப்படியே நுழைந்துவிடுகிறார். உள்ளே முஸ்ஹபு இருப்பது அந்த நேரத்தில் அவருக்கு நினைவிலேயே இல்லை! முஸ்ஹபைத் தலைக்கு வைத்துப் படுப்பது ஹராம் என்று இமாம் நவவீ அவர்கள் 'அத்திப்யான்' கிதாபில் எழுதியிருக்கிறார்கள்.

ஆகையால் முஸ்ஹபு கொண்டுபோகிறவர் பையின் மேல் அறையில், மழை நனையாத உறையிலிட்டு அதைத் தனியாக வைக்க வேண்டும். பையை மரக்கிளையில் மாட்ட வேண்டும்; அல்லது ஒரு தோழரிடம் ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும். இவ்வளவு பேணுதல் நம்மால் ஆகாது என்று தோன்றினால், மனனமான சூராக்களோடு போவதே மேல். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஒளு இல்லாத நேரத்தில் பையைத் தூக்கலாமா என்று கேட்கிறார்கள். ஷாஃபிஈ மத்ஹபில், மற்றச் சாமான்களோடு முஸ்ஹபும் கிடக்க, சாமான்களைச் சுமப்பதே நோக்கமாக இருந்தால் கூடும். முஸ்ஹபை மட்டும் சுமக்கும் நோக்கத்தில் தூக்கினால் கூடாது. ஹனஃபி மத்ஹபில், முஸ்ஹபோடு ஒட்டாத தனி உறையால் பிடித்துத் தூக்கலாம். தப்ஸீரின் எழுத்து குர்ஆனின் எழுத்தைவிட அதிகமாக இருந்தால், ஷாஃபிஈகளிடம் அந்தக் கிதாபை ஒளுவின்றியும் சுமக்கலாம். இதற்காகவே யமன் நாட்டு ஆலிம் ஒருவர் 'ஜலாலைன்' தப்ஸீரின் எழுத்துக்களை எண்ணிப் பார்த்தாராம். முஸ்ஸம்மில் சூரா வரை இரண்டும் சமமாக இருந்து, அதற்குப் பிறகுதான் தப்ஸீர் மிஞ்சியதாம். முன்னோர்களின் பேணுதல் இப்படி இருந்தது! அரபு மூலத்தோடு அச்சான தமிழ் மொழிபெயர்ப்பையும் முஸ்ஹபைப் போலவே நடத்துவது பேணுதலானது.

மூன்றாவது, நம் கருத்தில் கட்டாயம் இடம் பெற வேண்டியது, தம் மத்ஹபின் சட்டங்களைக் கூறும் ஒரு மெல்லிய நூல். ஊரில் சந்தேகம் வந்தால் பள்ளிவாசலுக்குப் போய் இமாமிடம் கேட்கலாம். மலை உச்சியில் யாரைக் கேட்பது? அங்கேதான் மஸ்அலாக்கள் வரிசையாக வந்து நிற்கும். நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கலாமா? போகுமிடம் இன்னதென்று குறிக்காமல் கால் போன போக்கில் திரிகிறவருக்கு ஷாஃபிஈ மத்ஹபில் கஸ்ரு கிடையாது. லுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழ ஷாஃபிஈகளுக்கு அனுமதியுண்டு. ஹனஃபிகளுக்கு ஹஜ்ஜில் அரஃபா, முஸ்தலிஃபா தவிர வேறெங்கும் இல்லை. ஓரிடத்தில் தங்கினால் எத்தனை நாளில் பிரயாணச் சலுகை முடியும்? வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு நாள் தங்க நிய்யத்து வைத்தால் முடிந்தது என்கிறது ஒரு மத்ஹபு. பதினைந்து நாள் என்கிறது மற்றது. தயம்முமுக்குப் புழுதியுள்ள மண்ணே வேண்டும் என்பது ஷாஃபிஈ சட்டம். கல்லும் போதும் என்பது ஹனஃபி சட்டம். மழையில் கழுவப்பட்ட பாறை மேல் நிற்கும்போது இந்த வித்தியாசம் சிறியதல்ல! ஒரே கூட்டத்தில் இரு மத்ஹபினரும் இருந்தால் இரண்டு நூல்கள் போகட்டும், வேறெதையாவது குறைத்துக்கொள்ளுங்கள்.

கதை, கவிதை, பிரயாண நூல் எல்லாம் விலக்கா என்றால், இல்லை. கூட்டத்துக்கு ஒன்று போதும். மாலையில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கலாம். சீறாப்புராணத்தின் 5,027 விருத்தங்களையும் யாரும் சுமக்க வேண்டியதில்லை. ஒரு படலத்தைத் தாளில் எழுதி எடுத்துப் போகலாம். 1325-ல் தஞ்சாவிலிருந்து புறப்பட்ட இப்னு பதூதாவின் பிரயாணமும் நல்ல துணை. இலங்கையில் பாவா ஆதம் மலை மீது அவர் ஏறிய வரலாறு மலையேறுகிறவர்களுக்கு நன்றாகவே ருசிக்கும். புகாராவில் ஆலிம்களின் கப்றுகளில் பொறித்திருந்தவற்றை அவர் படியெடுத்து வைத்திருந்தார். பின்னால் கடற் கொள்ளையில் அதுவும் போய்விட்டது. முன்பின் பார்த்திராத புத்தகத்தை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். அது பிடிக்காவிட்டால் நான்கு நாளும் அது வெறும் செங்கல்.

கடைசியாக, கோடு போடாத ஒரு சிறு நோட்டும் இருக்கட்டும். வழியில் முளைக்கும் சந்தேகங்களில் நூலில் விடை கிடைக்காதவற்றை அதில் குறித்துக்கொண்டு, ஊர் திரும்பிய முதல் ஜும்ஆவில் ஆலிமிடம் காட்டுங்கள். எழுதப் பென்சில்தான் நல்லது. பேனா மை மழையில் கரைந்துவிடும்.